கால் சுற்று

செனோக்கோவில் எங்கள் சலவை ஆலை.
பின்னிரவு மூன்று பத்துக்கு
வாக்கி டாக்கியில் தீடாவின் குரல்:
பாசா, பாசா.
அவள் பர்மாக்காரி, நான் பட்டுக்கோட்டை.
இருவருக்கும் சொந்தமில்லாத மலாயில்
ஈரத்துக்கு அதுதான் பேர்.

மூன்றாம் உருளையிலிருந்து
ஆஸ்பத்திரி விரிப்புகள்
காயாமல் வந்து விழுகின்றன.
ஐந்து மணிக்கு லாரி.

எனக்கு முன்பே கோ வந்துவிட்டார்.
சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து
நீராவி வால்வை முழுக்கத் திறந்துவிட்டார்.
சூடு போதாவிட்டால் இன்னும் சூடு.
மேற்பார்வையாளரின் கணக்கு
அத்தோடு முடிந்தது.

குழாய் இடித்தது.
கூரைத் தகரம்வரை அதிர்ந்து
மறுபடி இடித்தது.
தேங்கிய நீரை
ஆவி பின்னாலிருந்து விரட்டுகிறது;
ஓடிவந்த வேகத்தில்
வளைவில் திரும்பத் தெரியவில்லை அதற்கு.

மூடுங்கள், மெதுவாக, என்றேன்.
மெதுவாக என்ற சொல்
அவருக்குக் கேட்கவில்லை.

நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருக்கிறேன்,
திருகு முடுக்க அல்ல.
நுனியை டிராப்பின் தலையில் ஊன்றி
பிடியைக் காதோரம் அழுத்தினால்
இரும்புக்குள் நடப்பது கேட்கும்.
இரண்டாம் உருளை:
டக். சற்று ஓய்வு. டக்.
தண்ணீர் குடிக்கும் தொண்டை.
மூன்றாவது
சும்மா கிடந்தது.
கையுறையைக் கழற்றித் தொட்டேன்.
கோ மறந்து வைத்த கோப்பியின் சூடுகூட இல்லை.

வர வேண்டிய ஆவி வந்துகொண்டுதான் இருக்கிறது.
போக வேண்டிய தண்ணீர்தான்
உருளையின் வயிற்றில் குந்திக்கொண்டு
போகமாட்டேன் என்கிறது.

இரு பக்கமும் அடைத்தேன்.
அழுத்தம் இறங்கும்வரை நின்றேன்.
கோ கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கடிகாரத்தை.
மூடியைக் கழற்றினால்
சகதி நிறத்தில் துரு,
அதற்கும் அப்பால், துவாரத்தின் வாயை அடைத்தபடி
நகம் அளவு வெள்ளை டேப்.

போன மாதம்
மேலே அந்த இணைப்பில்
கசியக் கூடாதென்று
ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியவன் நான்.

முதுகைத் திருப்பிக்கொண்டு
அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

இனித் திறக்க வேண்டும்.
கால் சுற்று.
நில்.
குளிர்ந்த குழாய்க்கு
தான் குழாய் என்பது நினைவுவர நேரம் ஆகும்.
பெருவிரலிலிருந்து நடு மூட்டுவரை
சூடு ஏறுவதுபோல ஏறுகிறது
ஒவ்வொரு முழமாக.
இன்னொரு கால் சுற்று.
தீடா உருளைமுன் கைகட்டி நிற்கிறாள்.
அவளுக்குப் பின்னால் தள்ளுவண்டிகளில்
ஈர வெள்ளை மலை.
இன்னொரு கால்.
முழுச் சுற்று வரவில்லை,
காதில் கேட்டது:
டக்.

சக்கரத்திலும் தண்டிலும் சேர்த்து
சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன்.
இதைத் தாண்டாதே.
எந்த மொழியிலும் எழுதவில்லை.

முதல் விரிப்பு வந்தது,
மடிப்பு மொறமொறக்க.
தீடா புறங்கையை அதன்மேல் வைத்தாள்,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
தலையசைத்தாள்.
எந்த வார்டு, எந்தக் கட்டில்,
யாருடைய முதுகு
என்று அவளும் கேட்டதில்லை
நானும் கேட்டதில்லை.

நாலரைக்குப் போனைப் பார்த்தேன்.
பத்து மணிக்கு வதனா அனுப்பியிருக்கிறாள்:
நாலு நாளா அடைமழை.
கம்பில போட்ட உங்க யூனிபாரம்
இன்னும் காயல.
நாளைக்கும் இதையேதான் போடணும்.

இரவுக்கு நாலாயிரம் விரிப்பு
உலர்த்துகிறவனின் சட்டை
மார்சிலிங் பதினோராம் மாடியில்
சொட்டிக்கொண்டிருக்கிறது.
சிரிப்பு வந்தது. பதில் போடவில்லை,
தூங்கியிருப்பாள்.

பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியோடு
கோ வந்தார். எனக்கும் ஒன்று.
என்ன கோளாறு என்றார்.
துரு என்றேன்.
பழைய குழாய், அப்படித்தான் லா என்றார்.

அப்போது
மேலே எங்கோ
ஒரே ஒரு தடவை தட்டியது குழாய்.
இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.
பிறகு தட்டவில்லை.
ஸ்ட்ராவைக் கடித்தபடி
இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.