துக்கம் விசாரித்தல்

இரவு இரண்டு மணிக்கு
இடது குதிக்கால் கடிக்கிறது.
சொறியக் கை போகிறது,
அங்கே விரிப்பின் சுருக்கம்தான்.
கால் முகமாலையில் போய்
இருபத்திநாலு வருடம்.

சுன்னாகத்தில் மிளகாய் அரைக்கிற மில் என்னுடையது.
பகல் முழுக்க நின்றால்
பொய்க்காலின் விளிம்பு தோலை அறுக்கும்.
அந்த நோவுக்கு ஓர் இடம் உண்டு,
பூசக் களிம்பு உண்டு.
இந்தக் கடிக்கு விலாசமே இல்லை,
இடிந்துபோன வீட்டுக்கு
இன்னும் கடிதம் வருகிற மாதிரி.

கரண்ட் இல்லாத ஒரு ஞாயிறு
மில்லைப் பூட்டிவிட்டு
கந்தரோடைக்கு ஓட்டோ பிடித்தேன்.
பிறந்ததிலிருந்து இரண்டு கட்டைத் தூரம்,
போனதில்லை.
பனைகளுக்கு நடுவே
கவிழ்த்துவைத்த சட்டிகளாய்
இடுப்பளவு, முழங்காலளவு
கற்குவிமாடங்கள்.
ஆர் கட்டினது, ஆருக்குச் சொந்தம்
என்பதெல்லாம் பலகையில் இருந்தது.
நான் வாசிக்கவில்லை.

ஈர்க்கு விளக்குமாறோடு ஒரு சிப்பாய்.
முகமாலையின்போது
அவன் பிறந்திருக்கவே மாட்டான்.
சேலைக் கரைக்குக் கீழே
இரும்பைப் பார்த்தான்,
கூட்டுவதை நிறுத்தினான்.
"ரிதெனவாத?"

நோகுதோ என்று கேட்கிறான்.

எங்கள் வீட்டுக்குத்
துக்கம் விசாரிக்க ஆரும் வந்ததில்லை.
பகீரதன் அண்ணா செத்தாரென்று
தெரிந்தால்தானே வருவார்கள்.
பந்தல் இல்லை, பறை இல்லை,
எட்டுச்செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை.
பிளாஸ்டிக் கதிரையில் இருந்து
பால்தேத்தண்ணி பாதி குடித்து
"என்ன செய்யிறது" என்று சொல்ல
ஒரு மனிசர் வேண்டியிருந்தது
அம்மாவுக்கு.

பிறப்பு துக்கம், மூப்பு துக்கம்,
விரும்பியதைப் பிரிதல் துக்கம்,
வெறுத்ததோடு இருத்தல் துக்கம்.
சரித்திரப் பாடத்தில்
ஐந்து மார்க்குக்குப் பாடமாக்கியது.
செத்தவனா இருப்பவனா தெரியாமல்
ஒரு கோப்பை சோறு
மூடி வைப்பது அதில் இல்லை.
விட்டுப்போயிற்றா,
இல்லை
எல்லா வரியும் அதுதானா.

"இல்லாத இடம்தான் நோகுது"
என்றேன் தமிழில்.
விளங்கியிருக்காது.
"துகய்" என்றான்,
எங்கள் சொல்தான்,
வால் நறுக்கியது.
பிறகு சருகைக் கூட்டப் போய்விட்டான்.

இதற்காக ஆரையும் நான் மன்னிக்கவில்லை,
சரியோ.
ஒரு கேள்வி வந்தது,
செத்தவீட்டுக் கதிரையில்
கொஞ்ச நேரம் இருந்தது,
சொல்லாமல் எழும்பிப் போனது.
அவ்வளவுதான்.

அன்றிரவும் இரண்டு மணிக்குக் கடித்தது.
கையை நெஞ்சிலேயே வைத்திருந்தேன்.
குதியில் தொடங்கி
இல்லாத சுண்டுவிரல் வரை ஏறியது.
நின்றது. எரிந்தது.
ஆருக்கு நோகுது என்று விசாரித்தேன்.
பதில் சொல்ல
அங்கே ஆரும் இருக்கவில்லை,
நோவு மட்டும்
வாசலில் நிற்கிற மாதிரி நின்று
மெல்ல இறங்கிப் போனது.

மூன்று மணிக்குத்
திரும்பவும் வந்தது.