ஒரே அலமாரி

பெருங்குடியில், ஓடுபாதைக்கு இந்தப் பக்கம்,
தகரக் கூரை ஸ்டோர் ரூமில்
எங்கள் கம்பெனிக்கு ஒரே ஓர் அலமாரி.
இரண்டு சக்கரம், ஒரு பிரேக் கட்டு,
நாலு விளக்கு, எண்ணெய் டின்கள்,
கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் ஐந்து.
அதுதான் அதிகம் உடைகிறது.

அறுபத்திரண்டு விமானம். எல்லாம் ஒரே வகை.
சென்னையிலிருந்து வந்ததா ஹைதராபாத்தா என்று
வால் எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.
இருட்டிலும் என் கை
எரிபொருள் மூடியைத் தேடாமல் தொடும்.
எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்குவதென்று
மணிக்கட்டுக்கே பாடம்.

ஒச்சப்பன் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவான்.
உசிலம்பட்டி – எழுமலை தடத்தில் மூன்று மினி பஸ் ஓட்டியவன்.
மலிவாய்க் கிடைத்ததென்று
மூன்றும் மூன்று கம்பெனி வண்டி.
ஒன்றின் கிளட்ச் தட்டு இன்னொன்றுக்குச் சேராது.
ஒன்றை ஓட்டுபவர் மற்றதில் ஏறினால் கியர் அலறும்.
மூன்று மெக்கானிக், மூன்று கடன் நோட்டு.
ஒன்றை விற்று இரண்டைக் காப்பாற்றினான்,
பிறகு அந்த இரண்டையும் விற்றான்.

எங்களுக்கு அந்தப் பாடில்லை.
கேப்டன் நிலோஃபருக்குக் காய்ச்சலா,
கொச்சியில் சும்மா இருக்கும் யாரும் வந்து உட்காரலாம்.
அதே இருக்கை, அதே பொத்தான்,
அதே குரலில் அதட்டும் எச்சரிக்கைப் பெட்டி.
விமானத்தையே மாற்றினாலும்
பன்னிரண்டு ஏ, பன்னிரண்டு ஏ-தான்.

ஆடிக் காற்று தகரத்தை உலுக்கிய ஓர் இரவு
இரண்டே காலுக்குச் சுற்றறிக்கை வந்தது, ஒன்றரைப் பக்கம்.
எங்கோ ஒரு விமானத்தில்
எஞ்சினைத் தாங்கும் போல்ட்டில் மயிரிழை விரிசல்.
சோதிக்கும்வரை அந்த வகை பறக்கக் கூடாது.
அந்த வகை.
எங்களிடம் வேறு வகை ஏது?

ஒரே தாளில் அறுபத்திரண்டும் உட்கார்ந்தன.
பெனட்ராஜ் டார்ச்சை வாயில் கவ்வி ஏணியேறினான்,
நான் கீழே நின்று கையேட்டை வாசித்தேன்.
தேவைப்பட்டால் மாற்ற, நாடு முழுக்கப் புது போல்ட் ஒன்பது.
மதுரைக்கு எத்தனை என்று கேட்கவே கூச்சமாயிருந்தது.

விடிந்ததும் முன்கூடம் நிறைந்தது.
பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒருத்தி கேட்டாள்:
"உங்ககிட்ட வேற ப்ளேனே இல்லையா?"
இருக்கிறது அம்மா, அறுபத்தொன்று.
சொல்லவில்லை.

பக்கத்துக் கம்பெனியின் கிழட்டு விசிறி விமானம்
அப்போதுதான் இருமிக்கொண்டு கிளம்பியது.
இதற்கென்று தனி டயர், தனி ஆள், தனி ஏணியா என்று
நாங்கள் சிரித்த அதே விமானம்.
வேலிக்கு வெளியே கண்மாயில்
நாரையும் நீர்க்காகமும் அந்தச் சத்தத்துக்கு எழுந்து
கலைந்தபடி அமர்ந்தன.

ஒச்சப்பன் செய்தி பார்த்துவிட்டுப் போன் போட்டான்.
"என் வண்டி மூணும்
ஒரே நாள்ல நின்னதே இல்லடா."

பத்தரைக்கு முடிந்தது. எங்கள் போல்ட்டில் விரிசல் இல்லை.
பெனட்ராஜ் கையெழுத்துப் போட்டான்.
மூன்று நாளில் எல்லாம் மறுபடி மேலே.
மாதக் கடைசியில் கூட்டிக் கழித்தவர்கள்
அப்படியும் லாபம் என்றார்களாம்.
இன்னும் நாற்பது வாங்குகிறார்கள்,
அதே வகை.

சரிதான். கணக்கில் நானும் பிழை காணவில்லை.
அலமாரியில் ஒரு தட்டை மட்டும்
காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.
தணிக்கைக்கு வந்தவர் கேட்டார், இது எதற்கு?
தாழ்ப்பாள் வரும் சார், என்றேன்.