சும்மா ஓடும் பஸ்

புகார் இறங்கி விமானங்கள் படுத்துவிட்ட
நவம்பர் வெள்ளி, இரவு ஏழரை.
தெரியாத நம்பரில் தெரிந்த குரல்:
"சூரிச்சில நிக்கிறன்.
கொழும்புப் பிளைட் இனி விடியத்தானாம்.
ஹோட்டல் தந்திருக்கிறாங்கள்.
பஸ்ஸும் சும்மாவாம்."

பதினொரு வருசத்துக்குப் பிறகு
அக்கா எனக்குச் சொன்ன செய்தி,
பஸ் சும்மா.

வின்ரர்தூரிலிருந்து ரயிலில் போனேன்,
காசு கொடுத்து.
ஹோட்டல் வண்டிகள் வந்துபோகும் இடத்தில்
எட்டாம் இலக்கத் தூணோடு நின்றாள்.
தலைமயிருக்கு மை பூசுவதை விட்டிருந்தாள்.
கட்டிப் பிடிப்பதா, கையைக் கொடுப்பதா என்று
இரண்டு பேரும் கணக்குப் பார்க்கையில்
வண்டி வந்து கதவைத் திறந்தது.
நல்லதாய்ப் போயிற்று.

சாரதியின் சட்டையில் பெஸ்னிக் என்று எழுதியிருந்தது.
பட்டியலில் யோகமலரை
நாலு துண்டாக உடைத்து வாசித்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
அறை இல்லாத ஆட்களுக்கு அந்த வண்டியில் இடம் இல்லை.

"வித் மீ" என்றாள் அக்கா.

அத்தாரின் கடைக்கு நான் அனுப்பிய
ஒன்பதாயிரம் பிராங்குக்குப் பிறகு,
எடுபடாத போன்களுக்குப் பிறகு,
மகளின் கலியாணத்துக்கு
எனக்கு மட்டும் வராத காட்டுக்குப் பிறகு
வித் மீ.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
ஜன்னலில் புகார்தான் இருந்தது.

ஏழு நிமிசம்.
ஒரு சுற்றுவட்டம், ஒரு பெற்றோல் ஷெட்,
வாடகைக் கார்க் கம்பனிகளின் நனைந்த கொடிகள்.
குளோட்டன் என்கிற ஊர் எங்கேயோ பக்கத்தில்தான்.
ஹோட்டல் வாசலில் பூச்சாடிகளுக்குக்கூட
சாக்குச் சுற்றியிருந்தார்கள்.
எல்லோரும் இறங்கினார்கள்.
அக்கா எழும்பவில்லை.
எழும்பினால் "அறைக்கு வா" என்று அவள் சொல்லவேண்டும்,
"இல்லை, நேரம் போச்சு" என்று நான் சொல்லவேண்டும்.
வண்டி எங்களையும் கொண்டு திரும்பியது.

இரண்டாம் சுற்றில் அவளுடைய முழங்கால்.
மூன்றாம் சுற்றில் என்னுடைய விவாகரத்து
(அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது,
எனக்குத் தெரியும் முன்பே தெரிந்திருந்தது போல).
இடையில் ஒரு விமானி ஏறினான்,
நித்திரைப் பிள்ளையைத் தோளில் போட்ட ஒருத்தி ஏறினாள்.
தமிழ் விளங்காத அந்தச் சனத்துக்குப் பயந்து
நாங்கள் குரலைத் தாழ்த்தினோம்.

நாலாம் சுற்றில் கேட்டேன்: "கடை?"
"ரெண்டாம் வருசமே பூட்டியாச்சு."
"ஒரு சொல் சொல்லியிருக்கலாம்."
"சொன்னா, காசு வேண்டாம் எண்டுவாய்."
"ஓம்."
"அதுதான்."

சுற்றுவட்டத்தில் வண்டி சரிய
அவள் தோள் என் தோளில் வந்து விழுந்தது.
சுற்றுவட்டம் முடிந்த பிறகும்
கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது.

ஐந்தாம் முறை விமான நிலையத்தில்
பெஸ்னிக் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.
இவ்வளவு நேரமும் கண்ணாடியில் பார்த்திருக்கிறான்.
உடைந்த ஜெர்மனில், என்னுடையதைவிடக் கொஞ்சம் நல்ல ஜெர்மனில்,
"பதினொன்றோடு என் வேலை முடிகிறது.
அடுத்தவன் கேட்பான்" என்றான்.
எதைக் கேட்பான் என்று சொல்லவில்லை.

இறங்கினேன்.
அக்கா படியில் நின்று கைப்பையைக் கிளறினாள்.
காசு என்று நினைத்து
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
விமானக் கம்பனி கொடுத்த சாப்பாட்டுத் துண்டு,
இருபத்தைந்து பிராங்.
"எனக்குப் பசிக்கேல்ல. நீ வேலையால வந்திருப்பாய்,
ஏதும் சாப்பிடு."
கதவு மூடியது.
கை காட்டினாளா, கண்ணாடியைத் துடைத்தாளா தெரியவில்லை.

ரயிலில்தான் வாசித்தேன்:
ஹோட்டல் உணவகத்தில் மட்டும் செல்லும்.
இன்று மட்டும்.
அறை எண் அவசியம்.

துண்டு இன்னும் பேர்சுக்குள் இருக்கிறது.
அதைக் கழித்துவிட்டேன்.
இன்னும் எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து.