மூன்றாவது சொல்

"இது என்ன பருவகாலம், கேளுங்கள்"
என்கிறார் டாக்டர் மார்லூஸ், டச்சில்.
நான் கிரியோலில் கேட்கிறேன்.
நிக்கலாவ் ஜன்னலைப் பார்க்கிறார்.
ராட்டர்டாமுக்கு மேலே நாலு நாளாக ஒரே தூறல்.
"தண்ணீர்க்காலம்" என்கிறார்.

அவர் பிறந்த தீவில் பருவங்கள் இரண்டுதான்.
தண்ணீர் வருவது ஒன்று,
வெறுங்காற்று வருவது ஒன்று.
ஒரு சொட்டும் விழாத வருஷங்கள் உண்டு;
அப்போதும் அதற்குப் பெயர் தண்ணீர்க்காலம்தான்.
படிவத்தில் நாலு பருவங்கள் அச்சாகியிருக்கின்றன.
நான் மொழிபெயர்ப்பவள்.
எனக்குச் சம்பளம் சொல்லுக்கு,
அதற்குள் பெய்கிற மழைக்கு இல்லை.

அடுத்து, கடிகாரம் வரைய வேண்டும்.
முப்பத்தொரு வருஷம்
கப்பல்களின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவியவர்.
வட்டம் போடுகிறார், பிசகில்லாமல்.
எண்கள் வேண்டிய இடத்தில்
ஒரு ஏணியை வரைகிறார்,
மேலேறும் வழி அதுதான் என்பதுபோல.
பூஜ்யம்.

மார்லூஸ் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்க்கிறார்.
"இந்தச் சோதனையை வேறு யாருக்காகவோ செய்திருக்கிறார்கள்.
அதைத் திருத்தத்தான் முந்நூறு பேர் வேண்டும்.
இவர் பத்தொன்பதாவது."
எனக்கு அந்த எண்ணிக்கை கொஞ்சம் பயமாக இருந்தது.

ஆப்பிள், சாவி, மேஜை.
ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.
நிக்கலாவ் "ஆப்பிள்" என்றார்,
பிறகு என் காதணியைப் பாராட்டினார்.
அவர் மனைவி தெயோலிந்தாவை யாரும் கேட்கவில்லை.
ஆனால் அவள் உதடுகள் அசைந்தன:
ஆப்பிள்... மேஜை...
அதோடு நின்றன.
தப்பான நிறுத்தத்தில் டிராமைவிட்டு இறங்கியவள்போல
சுற்றிலும் பார்த்தாள்,
சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு.

கடைசிப் பக்கம் அவளுக்கு.
"பராமரிப்பாளர்" என்பதற்கு
எங்கள் மொழியில் என்னிடம் சொல் இல்லை.
அவரோடு இருப்பவர், என்றேன்.
"நாற்பத்து நாலு வருஷமா இருக்கேன். அதையா கேக்கறாங்க?"
வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?
சிரித்தாள்.
"வாரத்துக்கு மொத்தம் எத்தனை மணி?"
போனில் பெருக்கிப் பார்த்துச் சொன்னேன், நூற்று அறுபத்தெட்டு.
"அதையே எழுது."
மார்லூஸ் எழுதினார்.
கட்டங்கள் இரண்டுதான் இருந்தன.
ஒன்று வெளியே நின்றது.

தாழ்வாரத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"எனக்கும் வந்துடுச்சா?"
நான் அபிப்பிராயம் சொல்லக் கூடாது; ஒப்பந்தத்தில் இருக்கிறது.
"ராத்திரி எவ்வளவு தூங்கறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.
ரெண்டு மணிக்கு அவர் பூட்ஸ் மாட்டிக்கொள்வாராம்,
துறைமுகத்தில் ஷிப்ட் என்று.
போன குளிர்காலத்தில் பாலம்வரைக்கும் போய்விட்டாராம்.
"அதுக்குத்தான் கதவைப் பூட்டிட்டு, இதை..."
கழுத்துக் கயிற்றை வெளியே இழுத்தாள்.
உள்ளங்கையில் கிடந்ததையே பார்த்தாள்.
நான் சொல்லவில்லை.
லிப்ட் வந்து, திறந்து, மூடிப் போயிற்று.
"சாவி" என்றாள்.

புதன்கிழமைகளில்,
சலவைக்கடைக்குப் பின்னால் ஒரு அறை.
அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் துர்சுன்,
அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் யமீனா,
துருக்கி, ரிஃப், கொச்சை டச்சு.
இங்கே எனக்குச் சம்பளமில்லை, பெரிதாக வேலையும் இல்லை.
யமீனா போன வாரம் அண்ணனை அறைந்துவிட்டதாகச் சொன்னபோது
யாரும் என் பக்கம் திரும்பவில்லை.
பக்கத்து அறையில் நிக்கலாவ்
ஒரு மாணவனோடு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

தெயோலிந்தா மூன்றாவது புதன் வந்தாள்.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.
தேநீர் வருமுன் தலை சாய்ந்துவிட்டது.
துர்சுன் எழுந்துபோய்
கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க
தன் நாற்காலியை அண்டக்கொடுத்தார்,
பேச்சு முழுக்க நின்றுகொண்டே கேட்டார்.

இந்தச் சந்திப்பின் பலன் என்ன,
படிவத்துக்கு வேண்டும், என்று மார்லூஸ் கேட்டிருந்தார்.
ஐம்பது நிமிடம், என்று எழுதினேன்.
இரண்டு கட்டத்துக்குள் அடங்கியது.