ஐம்பத்துமூன்று யூனிட்

பத்தொன்பதாம் நாள்.
தொண்ணூறு பாகைக்கு மேல் இடுப்பு மடங்கக் கூடாது
என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.
கால்மேல் கால் போடக் கூடாது.
போட்டாலும் யார் முன்னால் போடப்போகிறேன்.
தூங்கும்போது தொடைகளுக்கு நடுவே தலையணை.
தரையில் சம்மணமிடுவது
இந்த ஜென்மத்துக்கு முடிந்தது.

தங்கச்சி பன்னிரண்டு நாள் இருந்தாள்.
பருப்புப்பொடி அரைத்தாள்,
டப்பாக்களையெல்லாம் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏற்றினாள்,
பேரனுக்குக் காய்ச்சல் என்று போடிக்கு பஸ் ஏறினாள்.
அதன்பிறகு இந்த வீட்டில்
கீழே விழுந்ததெல்லாம் தரைக்குச் சொந்தம்.

திங்கட்கிழமை சீப்பு.
அப்புறம் ஓர் ஐந்து ரூபாய்க் காசு,
உருண்டு, கொஞ்சம் யோசித்து, பீரோ ஓரம் படுத்துக்கொண்டது.
துணி கிளிப். மூக்குக்கண்ணாடியின் உறை.
வெள்ளையாய் ஒரு மாத்திரை.
வாக்கரின் காலால் சீப்பைச் சுவரோரம் தள்ளினேன்.
பல்லி அதைச் சுற்றிக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்து தையல் பிரித்த சிஸ்டரிடம் கேட்டேன்,
எடுத்த எலும்பை என்ன செய்தீர்கள்.
எரித்திருப்பார்கள்மா, மத்த கழிவோடு
என்றாள், பஞ்சை மடித்துக்கொண்டே.
தத்தனேரிக்கு நான் போவதற்குள்
எலுமிச்சம்பழ அளவுக்கு நான்
முன்னால் போய்விட்டேன்.
சங்கு இல்லை. சாம்பல் கேட்க ஆளில்லை.
அன்று ராத்திரி அதற்கென்று
ஒரு விளக்கு ஏற்றலாமா என்று தோன்றியது.
தீப்பெட்டி கீழ்த்தட்டில் இருந்தது.

முப்பத்தோரு வருஷம் படியேறின எலும்பு அது.
கரண்ட் ரீடிங்.
முனிச்சாலையில் மீட்டர் பெட்டிக்குள் குளவி.
செல்லூரில் தறிச்சத்தத்துக்கு மேல் தொண்டை கட்டக் கூப்பிடணும்.
ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு மூன்றாம் மாடி,
பக்கவாட்டில் நண்டு மாதிரிதான் ஏற முடியும்.
எண்ணை வைத்தே வீட்டைச் சொல்லிவிடுவேன்:
இங்கே புதுசாய்க் கல்யாணம்.
இங்கே யாரோ ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறார்கள்.
இரண்டு மாசத்துக்கு அறுபதுக்குக் கீழே என்றால்
ஒற்றை ஆள், கேட்கவே வேண்டாம்.
நானும் கேட்டதில்லை.

டிஸ்சார்ஜ் தாளில் ரெங்கநாயகி, பெண், 62, இடது இடுப்பு.
பக்கத்திலேயே உள்ளே வைத்த உலோகத்தின் நம்பர்.
என்னுடையதைவிட அதன் விவரம் நீளம்.
இனிமேல் கோயில் வாசலில்
சோதனைச் சட்டம் கத்தும் என்கிறார்கள்.
கத்தட்டும்.
அத்தனை கூட்டத்தில் என்னை
வேறு யார் அப்படி அடையாளம் கண்டு கூப்பிடப்போகிறார்கள்.

இன்று பதினொன்றரைக்கு கேட் கிறீச்சிட்டது.
ரீடிங்!
அந்தக் குரலின் இழுப்பு மாறவேயில்லை.
சும்மா சாத்தியிருக்கு தம்பி, தள்ளு என்றேன்.
செல்போனில் தட்டினான்.
ஐம்பத்துமூணு. நூறுக்குள்ளதான், காசு வராதும்மா.
என்னைப் பார்த்தான். வாக்கரைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
தொழில் தெரிந்த பையன்.

பிறகு, நான் சொல்லாமலே,
குத்தவைத்து உட்கார்ந்தான்.
முழங்கால் இரண்டும் தோளுக்கு வர,
பின்பக்கம் குதிகாலில் பட,
ஒரு சத்தமில்லாமல்,
பணக்காரன் சில்லறை எண்ணாமல் கொடுப்பதுபோல.
சீப்பு, காசு, கிளிப், உறை
ஒவ்வொன்றாய் மேஜைக்கு ஏறின.
மாத்திரையை மட்டும் தூக்கிப் போட்டுவிடு என்றேன்.
எந்தக் கிழமையது என்று மறந்துவிட்டது.

தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.
இன்னும் எழுபது வீடு.
போகிற போக்கில் கேட்டைத் திறந்தே விட்டுவிட்டான்.
நாங்கள் எல்லோரும் அப்படித்தான் விடுவோம்.
பின்னாலிருந்து எத்தனை பேர் திட்டியிருக்கிறார்கள்.

வாசலுக்கு ஒரே ஒரு படி.
ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது ஆபரேஷன் கால்,
பிசியோதெரபி பெலிக்ஸ் சொன்னது.
வெயில் வில்லாபுரம் முழுக்க ஒரே வெள்ளையாய்க் கிடக்கிறது.
தெருநாய் ஒன்று
திறந்த கேட்டில் தலையை நீட்டி
உள்ளே வரலாமா என்று யோசிக்கிறது.

இரு, வர்றேன்.
முதலில் வாக்கர்.
அப்புறம்
இது.