தலையசைப்பு பதிவாகாது

"தலையை ஆட்டினால் பதிவாகாது,
வாய் திறந்து சொல்லுங்கள்."
நீதிபதி மூன்றாம் முறையாகச் சொன்னார்.
"ஆம்" என்றார் க்ளோவிஸ் மிஷோ.
ஆம் என்று தட்டினேன்.

மேன் மாநிலத்தின் வடகோடி, காரிபூ, மார்ச் மாதம்.
கூரை விளிம்புப் பனி இன்னும் சொட்டத் தொடங்கவில்லை.
விசாரணை அறை என்றால்
வேலைவாய்ப்பு அலுவலக மாடியில் ஒரு நீள மேசை,
தண்ணீர்க் குவளை,
தொழிலாளி பக்கமாகவே எப்போதும் தள்ளி வைக்கப்படும்
ஒரு டிஷ்யூ பெட்டி.

உருளைக்கிழங்கு வறுவல் ஆலை.
பத்தொன்பது வருஷம், ஒரே கன்வேயர்.
நிமிடத்துக்கு இருபத்தாறு தடவை
வலக்கை நீண்டு அழுகலைப் பொறுக்கும்.
தோளில் தசைநார் கிழிந்தது
வேலையாலா வயதாலா என்பதுதான் வழக்கு.
இரண்டு மருத்துவர்கள், ஒரே ஸ்கேன்.
மூலம் ஒன்று, உரை இரண்டு.

"எவ்வளவு உயரம் தூக்க முடியும்?"
தூக்கிக் காட்டினார்.
என் விரல்கள் காத்திருந்தன.
"தோள் மட்டத்துக்குச் சற்றுக் கீழே எனப் பதியவும்."
அந்தச் சற்றுக்குள்தான்
அவர் உதட்டைக் கடித்தது இருக்கிறது.
அதற்கு என் இயந்திரத்தில் விசை இல்லை.

பிறகு வீடியோ.
காப்பீட்டுக் கம்பெனி ஆள் வைத்து
காருக்குள் ஒளிந்து எடுத்தது.
ஜனவரி ஒன்பது, காலை ஏழு பத்து.
வாசல் பனியைத் தள்ளுகிறார் மிஷோ,
பதினொரு நிமிடம்.
"இது நீங்கள்தானே?" வழக்கறிஞர் ஹாஸ்கெல் கேட்டார்.
தலையசைப்பு.
"வாய் திறந்து..."
"நான்தான்."

இன்னொரு முறை ஓட்டச் சொன்னார் நீதிபதி.
இந்த முறை யாரும் மண்வாரியைப் பார்க்கவில்லை.
வலக்கை கோட்டுப் பைக்குள்,
முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரைக்கும்.
பிடியை இடுப்பில் முட்டுக்கொடுத்து
நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறார் மனிதர்.
எடுத்தவனும் பார்க்கவில்லை,
காசு கொடுத்து வாங்கியவர்களும் பார்க்கவில்லை.

"பதிவுக்கு வெளியே கொஞ்சம் பேசலாமா?"
ஹாஸ்கெலின் குரல் தணிந்திருந்தது.
மணி 11:42. கையை எடுத்தேன்.

அடுத்த ஐம்பது நிமிடம் எந்தக் காகிதத்திலும் இல்லை.
மத்தியஸ்தர் ஆர்லின் பூல்
ஈரம் காயாத பூட்ஸோடு
இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்தார்.
மடித்த மஞ்சள் தாளில் ஒரு எண் போகும்,
வேறொன்று வரும்.
சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.
"அறுபத்திரண்டு வாரம்" என்று ஒருமுறை கேட்டது.
பிறகு "அதெப்படி".
பிறகு ஒன்றுமே கேட்கவில்லை, அதுதான் நல்ல சகுனம்.

திரும்பியதும் இரண்டே சொல்:
தரப்பினர் உடன்பட்டனர்.
நாற்பத்து நான்கு வாரச் சம்பளம், அறுவைச் சிகிச்சைச் செலவு.
இடக்கையால் கையெழுத்துப் போட்டார்.
கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே விழுந்தது.
ஜெயித்த முகமா தெரியவில்லை,
தோற்ற முகமில்லை.

தொப்பியை எடுக்க வந்தவர்
என் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தார்.
"வலிக்குமா?"
இயந்திரத்தை மூடிக்கொண்டே
தலையாட்டினேன்.

கார்க் கண்ணாடிப் பனியைச் சுரண்டும் சத்தம்
கொஞ்ச நேரம் மாடிவரை கேட்டது.
விட்டு விட்டு.
இடக்கையாக இருக்கும்.