இருப்பு

ர்ஷெவ் நகரத்துக்கு மேற்கே ஒரு பதுங்குகுழி.
கூரையில் மூன்று அடுக்கு மரக்கட்டை, அதன்மேல் பனி.
உள்ளே கிளாஃபீரா, ரெஜிமெண்ட் எழுத்தர்;
போருக்கு முன்
வோலக்தா வெண்ணெய்க் கூட்டுறவில் கணக்கு எழுதியவள்.
கையில் ஓர் ஊதாப் பென்சில்.
நாக்கில் தொட்டால்தான் எழுதும்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
நாவற்பழம் தின்ற நாக்கு அவளுக்கு.

படிவத்தில் கட்டங்கள்:
காலை இருப்பு. மாண்டோர். காயம்.
தகவல் இல்லை. மாலை இருப்பு.
பெயருக்குக் கட்டம் கிடையாது,
அது வேறு படிவம், பத்து நாளுக்கு ஒருமுறை.

திங்கள் காலை அறுநூற்றுப் பன்னிரண்டு.
குன்றைப் பிடிக்கப் போனார்கள்.
குன்று என்று வரைபடம்தான் சொன்னது;
நேரில் அது ஒரு மேடு,
யாரோ உருளைக்கிழங்கு போட்டிருந்த மேடு.
மாலை இருநூற்று முப்பத்தொன்று.

இரண்டில் ஒன்று போனால் ஒன்று.
ஒன்றில் மூன்று போகாது,
பக்கத்தில் கடன் வாங்கு.
பக்கத்து ரெஜிமெண்டிடம் கேட்டுப் பார்த்தார்கள்.
அவர்களும் கடன் கேட்கத்தான்
ஆள் அனுப்பியிருந்தார்கள்.

இரவில் பண்டகசாலை பிமென் குனிந்து நுழைந்தான்.
"இன்னிக்கு எழுதாதே. நேத்து எண்ணையே அனுப்பு.
செத்தவனுக்கும் ரொட்டி வரும்,
நூறு கிராம் வோட்காவும் வரும்.
ஒரு நாள்தான்.
நாளைக்குக் கொன்னுடு."

வெண்ணெய்க் கணக்கில் அரைக் கிலோ பிசகினால்
தூங்காதவள்.
பென்சிலை நாக்கில் தொட்டாள்.
மாலை இருப்பு: அறுநூற்றுப் பன்னிரண்டு.

விடியலில் சறுக்குவண்டி வந்தது.
உறைந்த ரொட்டியை ரம்பத்தால் அறுத்தார்கள்,
உதிர்ந்த தூளைத் தொப்பியில் ஏந்தினார்கள்.
ஆளுக்கு இரண்டு பங்கு, சிலருக்கு மூன்று.
யாரும் பேசவில்லை.
கஸான் பக்கத்துப் பையன் மின்னிகலி மட்டும்
இரண்டாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு
"இது யாருடையது?" என்றான்.

பிமென் அவன் தாயை இழுத்துத் திட்டினான்.
கிளாஃபீரா பட்டியலைப் பிரித்தாள்,
ஏனென்று அவளுக்கே தெரியாது.
"சிசோயெவ்."
அவன் தலையசைத்துவிட்டுத் தின்றான்.
அடுத்தவன் நகரவில்லை.
"எனக்கு?"
"ப்ரியாகின்."
"எனக்கு?"
"குஸ்யாத்னிகொவ்."
"அவன் எனக்குப் புகையிலை பாக்கி," என்று
சிரித்தான் ஒருவன்,
பிறகு வெகுநேரம் மென்றுகொண்டிருந்தான்.

முன்னூற்று எண்பத்தொரு பெயர்.
செத்தவன், கால் போனவன்,
பனிக்குள் எங்கே என்று தெரியாதவன்,
எல்லோரையும் ஒரே குரலில்.
கடைசித் துண்டுக்குக் குரலே இல்லை,
உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

செவ்வாய் மாலை கொன்றாள்.
மேலிடம் கேட்டது:
செவ்வாயன்று தாக்குதலே இல்லை,
எப்படி இத்தனை சேதம்?
கடும் பீரங்கி வீச்சு என்று பதில் போயிற்று.
காப்பகத்தில் அது இருக்கும்.
வெறும் பனி பெய்த ஒரு நாளில்
வானம் இடிந்து விழுந்ததாக.
பின்னால் கூட்டிப் பார்ப்பவர்கள்
ஆயிரங்களுக்காகச் சண்டை போடட்டும்.

வியாத்கா அருகே சிசோயெவின் தாய்க்கு
வந்த காகிதத்தில் செவ்வாய்.
ஆண்டுதோறும் அந்தத் தேதியில்
மெழுகுவத்தி ஏற்றுகிறாள்,
ஒருநாள் பிந்திய திதி.
முந்தைய நாள்
கொட்டில் வாசலில் பனி தள்ளுகிறாள்,
ஆட்டைத் திட்டுகிறாள்,
அடுத்த வீட்டுக்காரியிடம் உப்பு கேட்கிறாள்.
அன்று அவன் இன்னும்
இருப்பில்.